பழைய பஸ்ஸுக்கு முதலில் கூரை வேண்டும்

(நமது குடியிருப்பின் சமூகக் கூடத்தில் நடந்த மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



போன பொதுக்குழுவில் நம் இளைஞர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். கழிக்கப்பட்ட பழைய பஸ் ஒன்றை வாங்கிக் குழந்தைகள் பூங்காவின் கிழக்கு மூலையில் நிறுத்தலாம். உள்ளே புத்தக அலமாரி வைக்கலாம். வெளியே பழைய மாதிரியே வர்ணம் அடித்து ஒரு சின்ன அருங்காட்சியகம் போல வைத்துக்கொள்ளலாம் என்று. கூட்டத்தில் நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். அடுத்த நாள் காலை நடைப்பயிற்சியில் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கதான் பஸ் பைத்தியமாச்சே, இதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்றார்.

பைத்தியம் என்பது உண்மை. ஆனால் நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 36 வருடம் கிளார்க் வேலை பார்த்தவன். ஒரு பொருளை வாங்குவது ஒரு நாள் வேலை, அதை வைத்துக் காப்பாற்றுவது வருடக்கணக்கு வேலை என்பது லெட்ஜர் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதனால் என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கூரை போடாமல் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு மட்டும் என் கை தூக்காது.

ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை.

1980-களில் நான் செங்கல்பட்டுக் கிளையில் இருந்தேன். எங்களிடம் கடன் வாங்கியவர்களில் ஒரு பஸ் முதலாளி உண்டு. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று ஓடிய வண்டி. புது வண்டிக்குக் கடன் கேட்டிருந்தார். எங்கள் ஃபீல்டு ஆபீசர் வண்டியைச் சரிபார்க்கப் போகும்போது ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். சேசிஸ் நம்பரை எழுதிக்கொண்டு வந்தால் போதாது. ஒரு மெல்லிய காகிதத்தை அந்த நம்பரின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்க்க வேண்டும். எண் அப்படியே காகிதத்தில் எழும்பி வரும். அதை ஃபைலில் ஒட்டுவோம். அந்தத் தேய்க்கிற வேலை என்னுடையது.

புது வண்டி லேலண்டு சேசிஸ். கரூரில் பாடி கட்டியது. அதைத் தேய்த்து முடித்த பிறகு முதலாளி என்னைத் தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கொட்டகைக்குள் மூக்கு வைத்த பஸ் ஒன்று நின்றது. டாடா மெர்சிடிஸ் பென்ஸ். 1962-ம் வருடத்து வண்டி. முன்னால் அந்த மூன்று முனை நட்சத்திரம். டாடா கம்பெனியும் ஜெர்மன் கம்பெனியும் 1954-ல் சேர்ந்து, 1969-ல் பிரிந்தார்கள். ஆக, நம் ஊர் லாரியிலோ பஸ்ஸிலோ அந்த நட்சத்திரம் இருந்தால் அது அந்த 15 வருடக் காலத்து வண்டி என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

"தம்பி, இதுக்கு நீங்க லோன் குடுக்க மாட்டீங்க. ஆனா இதாலதான் நீங்க எனக்கு லோன் குடுக்கறீங்க" என்றார் முதலாளி. அது அவருடைய முதல் வண்டி. எனக்கு என்ன தோன்றியதோ, ரிஜிஸ்டரில் தேவையே இல்லாத அந்தப் பழைய பஸ்ஸின் நம்பரையும் ஒரு காகிதத்தில் தேய்த்து என் டைரியில் வைத்துக்கொண்டேன்.

சில வருடம் கழித்து அவரே கிளைக்கு வந்தார். மகன்களுக்குத் தோப்பு இடம் தேவைப்படுகிறது. பழைய வண்டியை யாராவது மியூசியம் மாதிரி வைத்துக்கொள்கிறவர்கள் கேட்டால் காசு வாங்காமல் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் நாலு எழுத்து எழுதத் தெரிந்தவர், கொஞ்சம் விசாரியுங்கள் என்றார். இரண்டு இடத்துக்கு எழுதினேன். ஓரிடத்திலிருந்து இட வசதி இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. இன்னோரிடத்தில் பதிலே இல்லை. மூன்றாவது கடிதத்தை எழுதித் தபால் தலையும் ஒட்டிவிட்டேன். அதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. கடிதம் மேஜை இழுப்பறையிலேயே இருந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, அது என் சோம்பல்.

அந்த நடுவில் ஒரு காற்றில் கொட்டகையின் தகரம் பறந்துபோயிருக்கிறது. அவர் வண்டியைச் சுற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறார். இரண்டு மழைக்காலம். நான் ஒரு விடுமுறையில் போய்ப் பார்த்தபோது அலுமினியத் தகடு முழுவதும் உரித்து எடைக்குப் போயிருந்தது. மரச்சட்டங்கள் அடுப்புக்கு. நட்சத்திரத்தை எந்தப் பையன் எடுத்துக்கொண்டு போனானோ. எலும்புக்கூடு மட்டும் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. 24 வருடம் ரோட்டில் ஓடிக் கெடாத வண்டி, சும்மா நின்ற ஐந்தாறு வருடத்தில் போய்விட்டது.

இது எப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், நாலு பழைய பாடி கட்டும் ஆசாரிகளிடமும் கேட்டேன்.

நமக்கெல்லாம் உப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் குடியிருக்கிறோம். ஏ.சி. வெளி யூனிட்டின் கால் மூன்றே வருடத்தில் உதிர்கிறது. ஜன்னல் கிரில்லுக்கு எத்தனை முறை ரெட் ஆக்சைடு அடித்தோம் என்று பராமரிப்புக் கணக்கைப் பார்த்தால் தெரியும். அந்தக் காற்றுதான் பஸ்ஸின் மேலும் அடிக்கப் போகிறது. அதிலும் பழைய பஸ்ஸுக்கு ஒரு தனி வியாதி உண்டு. வெளித்தகடு அலுமினியம், உள்ளே சட்டமும் ஆணியும் போல்ட்டும் பெரும்பாலும் இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை நடக்கும். ஒன்று மற்றொன்றைத் தின்னும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும்; ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும்; விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போய்விடும். இந்த வெள்ளைப் பொடியைப் பார்க்கிறபோதே பாதி காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய பாடிகளில் மரச்சட்டமும் உண்டு. மரம் என்றால் கரையான். சீட்டு என்றால் தேங்காய் நார், ரெக்சின், எலி. எலிக்கு வயரும் பிடிக்கும். டயர் ஓடாவிட்டாலும் வயதாகும். வெயிலில் வெடிப்பு விடும், ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகும். அதனால் பத்திரப்படுத்துகிறவர்கள் வண்டியை ஸ்டாண்டு மேல் தூக்கி டயருக்குப் பாரம் இல்லாமல் வைப்பார்கள். டீசல் தொட்டியில் தண்ணீர் சேர்ந்து அடியில் பாசி மாதிரி பிடிக்கும். இன்ஜினை அவ்வப்போது சுழற்றாவிட்டால் உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிரேக் லைனிங்கில் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருப்பார்கள்; பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். நாலு வாலண்டியர் பையன்களைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளால் தேய்க்கச் சொல்கிற வேலை இல்லை இது. குழந்தைகள் கை வைக்கிற இடம் என்பதால் சொல்கிறேன்.

தார்ப்பாய் போட்டால் போதாதா என்று சி பிளாக் அம்மா கேட்டார்கள். நல்ல கேள்வி. என் முதலாளியும் அதைத்தான் செய்தார். பிளாஸ்டிக் பாயைப் போர்த்திக் கட்டினால் மழை உள்ளே வராது, ஆனால் தரையிலிருந்து எழும் ஈரமும் இரவுப் பனியும் வெளியே போக வழியில்லை. பகலில் உள்ளே வேகும், இரவில் வியர்க்கும். காற்றில் அது ஆடும்போது உப்பு மணலைச் சேர்த்து வர்ணத்தைத் தேய்க்கும். திறந்த வெளியில் சும்மா விட்டதைவிடச் சில சமயம் இது மோசம். வேண்டியது உயரமான கூரை, நாலு பக்கமும் காற்று, சிமெண்ட் தரை, தண்ணீர் ஓடிப்போக வாட்டம், அப்புறம் மாதாமாதம் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி உலர்த்த ஓர் ஆள்.

ஒரு கல் கோயிலையே இந்தக் காற்று விடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கடற்கரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டினான். கருங்கல். அதன் மேலும் உப்பு ஏறி, கல் மாவாக உதிர்கிறது. தொல்லியல் துறை கடல் பக்கம் பாறைகளைக் கொட்டியிருக்கிறது, சவுக்கு மரம் வளர்த்திருக்கிறது, காகிதக் கூழைச் சிற்பங்களின் மேல் அப்பி, அது உப்பை உறிஞ்சிக் காய்ந்த பிறகு உரித்து எடுக்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு ரிப்பன் வெட்டுகிற காரியம் இல்லை. பல்லவன் கட்டிய கோயிலை இப்படிக் கண்ணில் வைத்துப் பார்க்கிறோம். 1972 ஜனவரியில் பல்லவன் பெயரிலேயே போக்குவரத்துக் கழகம் தொடங்கி, 1997-ல் பெயர் மாறும்வரை நம்மையெல்லாம் சுமந்ததே, அந்தப் பல்லவன் பஸ்களில் ஒன்றையாவது நான் எங்கேயும் பத்திரமாக நிற்கப் பார்த்ததில்லை. 18ஏ மாடி பஸ்ஸில் தாம்பரத்திலிருந்து மேல் தட்டில் முன் சீட்டுக்கு அடித்துப் பிடித்து ஏறியவர்கள் இங்கே எத்தனை பேர்? (கை தூக்கியவர்கள் ஒன்பது பேர்.) பேரனுக்குக் காட்ட அதில் ஒன்று எங்கே இருக்கிறது? சென்னையில் டிராம் 1895-ல் தொடங்கி 1953 ஏப்ரலில் நின்றது. என் அப்பா அதில் போயிருக்கிறார். நான் சென்னையில் ஒரு டிராம் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை.

இவ்வளவுக்கும் பஸ் விஷயத்தில் நம் மாநிலம் சாதாரணப்பட்டது இல்லை. 1912-லேயே டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டார். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரம் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் வண்டி ஓட்ட அவர்கள் கருவி செய்தார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஒற்றை வண்டியைத் தானே ஓட்டித் தொடங்கிப் பெரிய பஸ் கம்பெனியாக வளர்த்தார். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. கரூரில் பாடி கட்டுவது ஒரு கைத்தொழில் மாதிரியே வளர்ந்தது. இவ்வளவு செய்தவர்கள் நாம்.

கார்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போனால் நேரம் போவதே தெரியாது. பேரன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வாருங்கள். பஸ்ஸுக்கு ஏன் கிடைப்பதில்லை என்றால், முதல் காரணம் மிகச் சாதாரணமானது. அளவு. ஒரு பஸ் சுமார் 11 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். வண்டி உட்காரும் இடம் மட்டும் கிட்டத்தட்ட 300 சதுர அடி. சுற்றி வர ஒரு மீட்டர் நடைவழி விட்டால் 630 சதுர அடி ஆகிவிடும். நம் ஏ பிளாக் ஒற்றைப் படுக்கையறை வீடு அவ்வளவுதான். உயரம் மூன்று மீட்டருக்கு மேல். மாடி பஸ் என்றால் நாலரை. கார் நிறுத்தத்துக்கே சண்டை போடுகிற குடியிருப்பு நாம், அதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் சட்டம். இது பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு பாரம்பரிய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத வண்டியைத் தனியாகப் பதிவு செய்யலாம், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நல்ல விதிதான். ஆனால் அது இரு சக்கர வண்டிக்கும், ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேர் வரை உட்காரும் கார் வகைக்கும்தான். ஐம்பது பேரை ஏற்றிய பஸ் அந்த வரையறைக்குள்ளேயே வராது. ஒரு குடும்பம் போன கார் பாரம்பரியம். ஓர் ஊரே போன பஸ் பாரம்பரியம் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்குப் பஸ்ஸின் மேல் கோபம் இருந்திருக்காது, ஞாபகம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் முடிந்த அரசு வண்டிகளின் பதிவு ரத்து. போக்குவரத்துக் கழகப் பஸ்களும் இதில் சேர்த்தி. அப்படி ரத்தானவற்றைப் பதிவு பெற்ற உடைப்பு மையங்கள் வழியாகத்தான் கழிக்க வேண்டும். புகைக்கும் விபத்துக்கும் இது நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவைக் கவனியுங்கள். ஒரு வண்டி பழசு என்ற மரியாதையைப் பெற 50 வருடம் ஆக வேண்டும். 15-ம் வருடமே அதற்கு உடைப்பு மையம் காத்திருக்கிறது. நடுவில் 35 வருடம் யார் அதை ஒளித்துவைப்பது? கணக்குப் புத்தகத்திலும் இதே கதைதான். வருடாவருடம் தேய்மானம் எழுதி எழுதிப் புத்தக மதிப்பு கரைந்துபோகும். அந்த நிலையில் பழைய இரும்பு விலைக்குப் போனால்கூட அது லாபம். வைத்துக்கொண்டால் இடம் நஷ்டம். எந்த டெப்போ மேலாளரும் தணிக்கைக்காரரிடம் போய், இது அழகாக இருந்தது, அதனால் விற்கவில்லை என்று சொல்ல முடியாது. நானே தணிக்கையில் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தவன், எனக்குத் தெரியும்.

மும்பையைப் பாருங்கள். 1937-ல் அங்கே வந்த மாடி பஸ்ஸில் பழைய டீசல் வகையின் கடைசி வண்டி 2023 செப்டம்பர் 15-ம் தேதி ஓடி நின்றது. மாலை போட்டு, படம் பிடித்து, ஜனங்கள் அழுதே விட்டார்கள். ஒன்றிரண்டையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று பஸ் ரசிகர்கள் கோரிக்கை வைத்தார்கள். அங்கே பெஸ்ட் நிறுவனத்துக்கு ஆணிக் டெப்போவில் சொந்தமாகவே அருங்காட்சியகம் உண்டு. 1984-ல் குர்லா டெப்போவில் தொடங்கி 1993-ல் அங்கே போனது. ஆனால் அந்தக் கூடத்தில் பெரும்பாலும் என்ன இருக்கிறது தெரியுமா? சின்ன மாதிரி வண்டிகள், பழைய டிக்கெட், டிக்கெட் இயந்திரம், டிராம் காலத்துச் சாமான். முழு வண்டியை உள்ளே கொண்டுவர எந்தக் கூடம் போதும்? லண்டன்காரர்களே கோவென்ட் கார்டனில் கொஞ்சத்தைத்தான் காட்சிக்கு வைத்துவிட்டு, மீதியை ஆக்டன் என்ற இடத்தில் பெரிய டெப்போ போட்டு அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஹரியானாவில் தாவடு என்ற ஊரில் 2013-ல் ஒரு தனியார் அறக்கட்டளை நாலு தளத்தில் போக்குவரத்து அருங்காட்சியகம் கட்டி மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பித்து வைத்திருக்கிறது. முடியாத காரியம் இல்லை. ஆனால் அவர்கள் கட்டடத்துக்குப் பிறகுதான் வண்டியைப் பற்றிப் பெருமைப்பட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தது. இடிக்க இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, மரம் மரமாக, கல் கல்லாகப் பிரித்து எண் போட்டுக் கொண்டுவந்து திரும்ப எழுப்பினார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் தூண்களைவிட அதிகமாக ஏணியில் நிற்கும் ஆசாரியைத்தான் பார்க்கிறேன். எப்போது போனாலும் எங்காவது ஒரு கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது, 'பழைய மாதிரியே' வர்ணம் அடிப்பது என்ற பேச்சு. எந்தப் பழைய மாதிரி? என் முதலாளியின் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் 1962. பாடி 1970-களில் பிரித்து மறுபடி கட்டியது. நம் ஊரில் அதுதான் வழக்கம். சேசிஸ் உழைத்துக்கொண்டே இருக்கும், பாடியைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவார்கள். அப்புறம் இன்ஜின் மாற்றியிருந்தார். நட்சத்திரம் மட்டும் அசல். அதை 1962-க்குத் திருப்புவதா, 1978-க்கா, அல்லது அவர் கடைசியாக நிறுத்திய நாளுக்கா? திருக்கழுக்குன்றத்துத் தேரில் சக்கரம் மாறும், சட்டம் மாறும், வடம் மாறும். ஆனாலும் அது அதே தேர், ஏனென்றால் அது இன்றும் ஓடுகிறது, இழுக்க ஜனம் வருகிறது. நின்றுபோன பஸ்ஸுக்கு அந்த வாதம் செல்லாது என்பது என் கட்சி. நின்றுபோன பொருளில் நாம் எதை மாற்றினாலும் ஒரு சாட்சியை அழிக்கிறோம். கோயில் திருப்பணியில் மணல் வீச்சு அடித்துப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று எத்தனை கல்வெட்டை மழுங்க வைத்தார்கள்! பிறகுதான் தடை வந்தது. பஸ்ஸில் கல்வெட்டு மாதிரி விஷயங்கள் உண்டு. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் திருக்குறள் பலகை. 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'. ஜன்னல் சட்டத்தில் யாரோ ஆணியால் கீறிய பெயர். கைப்பிடிக் கம்பியில் முப்பது வருட உள்ளங்கை தேய்த்த மினுமினுப்பு. வர்ணம் அடிக்க வருகிறவர் முதலில் செய்வது இவற்றைத் தேய்த்துச் 'சுத்தம்' செய்வதுதான். அடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அடிக்கும் முன் ஒரு மூலையில் சுரண்டி, அடியில் எத்தனை அடுக்கு, என்னென்ன நிறம் என்று பார்த்துப் படம் எடுத்து எழுதி வைத்துவிட்டு அடியுங்கள் என்கிறேன்.

ஓடுகிற நிலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தம்பி சொன்னார். ஆசை எனக்கும் உண்டு. ஸ்டார்ட் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இருபது வயது குறையும். ஆனால் அந்த கியருக்கு டபுள் கிளட்ச் போட்டு ஓட்டத் தெரிந்தவர்கள் இப்போது என்னைவிட வயதானவர்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது. உதிரிப் பாகம் புதுப்பேட்டையில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். நம் குடியிருப்புக்கு நிற்கிற வண்டி போதும்.

இனி பணம். பஸ் விலையைப் பற்றி மட்டும்தான் பொதுக்குழுவில் பேசினோம். அது இருப்பதிலேயே சின்னச் செலவு. கூரை, தரை, தூக்கி வரும் கிரேன், மின்சாரம், காப்பீடு, கரையான் மருந்து, வருடாவருடம் துருவுக்கான வேலை. பேச்சுக்கு, வருடப் பராமரிப்பு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதை மாதச் சந்தாவில் போட்டால் ஒவ்வொரு கமிட்டியும் மாறும்போது வெட்டப்படும் முதல் செலவு அதுதான். நாம் தோட்டத்து நீரூற்றை என்ன செய்தோம் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். மாறாக, அதற்கென்று தனி வைப்புத்தொகை போட்டு வட்டியில் நடத்துவதென்றால், ஏழு சதவீதத்துக்குச் சுமார் 14 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய் வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. கடைசிக் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தொகை என்பதால் சொல்கிறேன்.

அதனால் என் யோசனை இது. முதல் வருடம் கூரையும் தரையும் மட்டும். அதற்குக் கீழே பஸ் வரும்வரை குழந்தைகள் மழையில் விளையாடட்டும், வீணாகப் போகாது. அந்த ஒரு வருடத்தில் நாம் வேறொன்றைச் சேர்க்கலாம். பஸ்ஸைவிடச் சீக்கிரம் அழிவது காகிதம். விலைக்கொரு நிறமாக இருந்த மெல்லிய டிக்கெட், ஸ்டேஜ் வாரியாகக் கட்டணம் எழுதிய அட்டை, வே பில், விசில், பஞ்ச், தோல் பை. இவற்றுக்கு 630 சதுர அடி வேண்டாம், ஓர் இரும்பு அலமாரியும் உலர்ந்த அறையும் போதும். டி பிளாக்கில் இருக்கும் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஐயாவிடம் பேசினேன். முப்பது வருடம் இந்தக் கடற்கரைப் பாதையில் வேலை பார்த்தவர். 515-ல் தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஸ்டேஜ்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்கிறார். எந்த நிறுத்தத்தில் மீன் கூடையோடு ஏறுவார்கள், எந்த ஊரில் தேர்வு நாளில் பிள்ளைகளுக்காக இரண்டு நிமிடம் நிறுத்திவைப்பார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவருக்கு 78 வயது. பி பிளாக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் செல்போனில் அவர் பேசுவதைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

வண்டி வரும்போது அதோடு ஆர்.சி. புத்தக நகல், எந்த டெப்போ, எந்தத் தடம், யார் பாடி கட்டியது என்கிற விவரங்கள் எல்லாம் வர வேண்டும். அவை இல்லாத பஸ் வெறும் தகரப் பெட்டி. மூணாறில் கேரளப் போக்குவரத்துக் கழகம் பழைய பஸ்களைத் தங்கும் அறைகளாக மாற்றியிருக்கிறது. நல்ல வருமானம், நல்ல யோசனை. ஆனால் அது படுக்கை வைத்த பஸ், அருங்காட்சியகம் இல்லை. நம்முடையதும் அலமாரி வைத்த பஸ்ஸாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் எனக்கு வருத்தம் இல்லை. அப்போது அருங்காட்சியகம் என்று பலகை மட்டும் வைக்காதீர்கள்.

இதோ, இந்த உறைக்குள் இருப்பதுதான் அந்தப் பென்சில் காகிதம். செங்கல்பட்டுத் தோப்பில் 1986-ல் தேய்த்தது. எண்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. கடைசி இரண்டு எழுத்து மட்டும் மங்கல். கையால் தொடாமல், உறையோடு அப்படியே ஒருவருக்கொருவர் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் அளவு நாடாவோடு பூங்காவின் கிழக்கு மூலையில் இருப்பேன். வேப்ப மரக் கிளைக்கும் மின் கம்பிக்கும் நடுவே கூரை எழுப்ப உயரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வந்தால் நல்லது.